மலைக்குடிசையில் ஒரு பாட்டு



வேலை முடிந்து, குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, பிள்ளைகளோடு உட்காரும் நேரத்தில் பாட்டைப் பற்றிப் பேசினால் யாருக்கும் சலிப்புத் தட்டாது. தோட்டத்து மக்களாகிய நாம் பாட்டோடு வளர்ந்தவர்கள். தொட்டிலிலும் பாட்டு, திருவிழாவிலும் பாட்டு, சாவு வீட்டிலும் பாட்டு. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டிய காலத்தில், கதையை மறந்தாலும் பாட்டுக் காட்சியை மறக்காதவர்கள் நாம். அந்த வெள்ளைத் துணி இன்று உள்ளங்கையளவு கைத்தொலைபேசியாகச் சுருங்கிவிட்டது. பாட்டுக் காட்சியின் மீதுள்ள ஆசை மட்டும் சுருங்கவில்லை.

அந்தக் காட்சிகளில் பெரிய பட்டணங்களை நாம் கண்டிருக்கிறோம். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த 'ப்ரியா', 1979இல் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' ஆகிய இரண்டு படங்களையும் சிங்கப்பூரில் எடுத்தார்கள். பக்கத்து ஊர்தானே என்று நினைத்த நமக்கே, அந்தப் பாட்டுகளில் பார்த்தபோது அது தேவலோகம்போலத் தோன்றியது. பாட்டில் வரும் பட்டணத்தில் தெருக்கூட்டுபவர் தென்படமாட்டார். பாட்டில் வரும் வீதியில் வாடகைக்கு அலைபவர் இருக்கமாட்டார். அதைப் பார்த்து வளரும் நம் வீட்டுப் பையன், "அங்கே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எண்ணுகிறான். ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் பாட்டில் காட்டும் பட்டணம் எது, காட்டாமல் விடும் பட்டணம் எது என்று அவனுக்குச் சொல்லித் தருவது நம் கடமை.

இதை விளக்க ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். அது தமிழ்ப் பாட்டன்று. சினிமாவில் வந்ததும் அன்று. மேல்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. படக்கதை இல்லாமல், ஒரு பாட்டுக்காக மட்டும் நாலைந்து நிமிடப் படம் எடுத்துத் தொலைக்காட்சிக்கு அனுப்புவார்கள். 1981இல் அமெரிக்காவில் எம்டிவி என்னும் தொலைக்காட்சி தொடங்கியபின் இவ்வகைப் பாட்டுப் படங்கள் உலகெங்கும் பரவின. அவற்றில் பெரும்புகழ் பெற்றவர் மைக்கல் ஜாக்சன்.

இவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1996 அக்டோபரில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் இவர் ஆடிப்பாடியதை நம்மில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். இவர் பிறந்தது 1958இல், அமெரிக்காவின் கேரி என்னும் இரும்பாலை நகரத்தில். தந்தை இரும்பாலையில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டிய தொழிலாளி. சிறிய வீட்டில் ஒன்பது பிள்ளைகள். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை உலகப் புகழ் பெற்ற கதை இவர் கதை.

கோலாலம்பூருக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், அதே 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு பாட்டைப் படமாக்க அவர் பிரேசில் நாட்டுக்குப் போனார். பாட்டின் பெயர் 'தே டோண்ட் கேர் அபௌட் அஸ்'. 'அவர்களுக்கு நம்மைப் பற்றிக் கவலையில்லை' என்பது அதன் பொருள். படத்தை இயக்கியவர் ஸ்பைக் லீ என்னும் அமெரிக்கக் கறுப்பின இயக்குநர். எடுக்கத் தேர்ந்த இடங்கள் இரண்டு. ஒன்று, ரியோ டி ஜெனீரோ என்னும் மாநகரம். மற்றொன்று, வடக்கே இருக்கும் சால்வடோர் நகரம்.

பிரேசில் எங்கோ இருக்கும் நாடு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் நம் வாசலிலேயே நின்றது. நம் பாட்டன்மார் சீவிய பால்மரத்தின் தாய்நாடு பிரேசில். 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்களே மலாயாவின் மலைச்சரிவெல்லாம் நிரம்பின. மரம் அங்கிருந்து வந்தது. சீவும் கை தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

பிரேசிலிலும் தோட்டங்கள் இருந்தன. கரும்புத் தோட்டம், காப்பித் தோட்டம். அங்கே உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து நாற்பது லட்சத்துக்கும் அதிகமான மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1888ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களில் அதைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில்தான். விடுதலை கிடைத்தது, ஆனால் கையகல நிலம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பைத் தேடிப் பட்டணத்துக்கு வந்தார்கள்.

ரியோ நகரம் கடலுக்கும் மலைக்கும் நடுவே அமைந்தது. கடற்கரையோரச் சமநிலம் பணக்காரருக்குப் போயிற்று. ஏழைகள் செங்குத்தான மலைச்சரிவில் பலகையும் தகரமும் கொண்டு குடிசை போட்டார்கள். பிறகு செங்கல் அடுக்கினார்கள். இப்படி உருவான குடியிருப்புக்குப் 'பவேலா' என்று பெயர். பணக்கார வீடுகளில் சமைப்பவர், துணி துவைப்பவர், கட்டட வேலை செய்பவர் பலர் மாலையில் திரும்பிப்போவது இந்த மலைகளுக்குத்தான். பட்டணத்தை நடத்துகிறவர்கள் பட்டணத்தின் படத்தில் இல்லை. உலகெங்கும் போகும் அஞ்சலட்டையில் கடற்கரையும், மலையுச்சியில் கைவிரித்து நிற்கும் ஏசுநாதர் சிலையும்தான் இருக்கும்.

இந்தக் கதை நமக்குப் புதிதன்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் நாட்டில் பல ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்து வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, கோலாலம்பூரைச் சுற்றிப் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டின. பிறகு அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. ஆகையால் ரியோவின் மலைக்குடிசையைப் பற்றிக் கேட்கும்போது, நம் உறவினர் வீட்டைப் பற்றிக் கேட்பதுபோல்தான் இருக்கும்.

மைக்கல் ஜாக்சன் தம் பாட்டை எடுக்க விரும்பியது ரியோவின் கடற்கரையில் அன்று. சாந்தா மார்த்தா என்னும் மலைக்குடியிருப்பில்! உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. எதிர்த்தவர்கள் அதிகாரிகள். 'எங்கள் நகரத்தின் வறுமையை உலகுக்குக் காட்டினால் சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள்' என்றார்கள். 2004ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பந்தயத்தைத் தங்கள் நகரில் நடத்த ரியோ அப்போது விண்ணப்பம் போட்டிருந்தது. அதற்கும் கேடு வரும் என்றார்கள். வழக்கு நீதிமன்றம்வரை போயிற்று. படப்பிடிப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. பிறகு அந்தத் தடை நீக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. குடிசையைப் பார்த்து வெட்கப்பட்டவர்கள் குடிசையில் இல்லாதவர்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் மகிழ்ந்தார்கள். தங்கள் துன்பத்தை உலகம் ஒருமுறையாவது பார்க்கட்டும் என்று விரும்பினார்கள்.

படப்பிடிப்பு நாளில் அந்த மலையே காவலுக்குள் வந்தது. சுமார் 1,500 போலீஸ்காரர்கள் நின்றதாக அன்றைய செய்திகள் கூறின. அவர்களோடு அக்குடியிருப்பைச் சேர்ந்த 50 பேரும் காவல் பணி செய்தார்கள். குறுகிய சந்துகளிலும் படிகளிலும் பாடகர் ஆடிக்கொண்டே நடந்தார். ஒரு வீட்டின் சிமெண்டு மொட்டைமாடியில் நின்று பாடினார். சன்னல்களிலும் கூரைகளிலும் தலைகள். அந்த முகங்களெல்லாம் கூலிக்கு அமர்த்திய நடிகர்களின் முகங்கள் அல்ல. அங்கேயே குடியிருந்தவர்களின் முகங்கள்.

இங்கே சற்று நின்று, இப்படிப்பட்ட பாட்டுப் படத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு முழுவதையும் பாடிப் பதிவு செய்துவிடுவார்கள். இந்தப் பாட்டும் 1995லேயே இசைத்தட்டில் வந்துவிட்டது. தெருவுக்கு வந்தபின், அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் போடுவார்கள். பாடகர் அதற்கேற்ப வாயசைத்து ஆடுவார். நம் சினிமா நடிகர் செய்வதும் இதுதான். தெருவின் சத்தம் படத்தில் பெரும்பாலும் சேர்வதில்லை. அதனால்தான் பாட்டில் வரும் பட்டணத்தில் இரைச்சல் கேட்பதில்லை. நாற்றமும் தெரிவதில்லை.

அடுத்து, ஒரே அடியைப் பல இடங்களில், பல தடவை எடுப்பார்கள். கேமரா ஒன்று தூரத்தில் நிற்கும், ஒன்று பக்கத்தில் வரும், ஒன்று உயரத்திலிருந்து பார்க்கும். சினிமாச் சுருளில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடும். பல மணி நேரம் எடுத்ததை வெட்டி ஒட்டி நாலைந்து நிமிடமாக்குவார்கள். ஒவ்வொரு துண்டும் சில வினாடிதான் இருக்கும். பாட்டின் தாளம் விடாமல் ஓடுவதால், வெட்டிய இடம் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இந்தப் பாட்டையே பாருங்கள். பாடகர் ஒரு துண்டில் ரியோவின் மலையில் நிற்கிறார். அடுத்த துண்டில் சால்வடோரின் கல்வீதியில் நிற்கிறார். பார்ப்பவர்கள் இரண்டையும் ஒரே ஊர் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் இரண்டுக்கும் இடையே வான்வழியில் சுமார் 1,200 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. தாளம் அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்டது.

சால்வடோரில் படமெடுத்த இடத்துக்குப் பெலோரின்யோ என்று பெயர். அந்தச் சொல்லுக்கே தண்டனைத் தூண் என்று பொருள். அந்தக் காலத்தில் அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த இடம் அது. அந்த இடத்தில், அதே ஆப்பிரிக்க மக்களின் வழிவந்த ஏறத்தாழ 200 மேளக்காரர்கள் கூடி, மைக்கல் ஜாக்சனோடு மேளம் முழக்கினார்கள். அவர்கள் 'ஒலோடும்' என்னும் குழுவினர். 1979இல் திருவிழா ஊர்வலத்துக்காகத் தொடங்கிய குழு அது. பறையும் தவிலும் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பெருமை சொல்லாமலே விளங்கும். பாட்டனை அடித்த இடத்தில் பேரன் மேளம் அடிக்கிறான்.

படப்பிடிப்பின்போது அங்கே இரண்டு பெண்கள் காவலை மீறி ஓடிவந்து பாடகரைக் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் அவர் தரையில் விழுந்தார். எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். படத்தொகுப்பில் அதை வெட்டிவிடாமல் அப்படியே வைத்தார்கள். இன்றும் அந்தப் படத்தில் அதைப் பார்க்கலாம்.

ஆனால் படத்தில் பார்க்கமுடியாத செய்தியும் ஒன்று உண்டு. பெலோரின்யோவின் வீதிகள் படத்தில் வண்ணச் சுவர்களோடு பளிச்சென்றிருக்கும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அரசாங்கம் அந்தப் பழைய கட்டடங்களைப் புதுப்பித்திருந்தது. அப்போது அங்கே குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. ஏழைகளுக்காகப் பாடிய பாட்டிலும் இந்தச் செய்தி இல்லை. பாட்டுக்கு அது முடியாது. நாலு நிமிடத்தில் ஓர் ஊரின் முழு வரலாற்றையும் சொல்ல யாராலும் இயலாது. அதனால்தான் பாட்டைப் பார்த்தபின் ஊரைப் பற்றி விசாரிக்கவேண்டும் என்று சொல்கிறோம்.

சரி, படம் எடுத்து முடிந்தபின் அந்த மலைமக்களுக்கு என்ன ஆயிற்று?

அதிகாரிகள் பயந்த 2004ஆம் ஆண்டுப் பந்தயம் ரியோவுக்குக் கிடைக்கவில்லை. ஏதென்ஸ் நகருக்குப் போயிற்று. ஆனால் 2016ஆம் ஆண்டுப் பந்தயம் ரியோவிலேயே நடந்தது. உலகம் குடிசையைப் பார்த்துவிட்டதால் அந்த ஊருக்கு வாசல் அடைபடவில்லை. மைக்கல் ஜாக்சன் 2009 ஜூன் 25ஆம் தேதி காலமானார். அடுத்த ஆண்டு, அவர் நின்று பாடிய அந்த மொட்டைமாடியிலேயே அவருக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். எந்த இடத்தைக் காட்டவேண்டாம் என்று தடுத்தார்களோ, அந்த இடத்தைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வரலானார்கள். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்களே வழிகாட்டிகளாகி அவர்களை அழைத்துச் சென்று, தங்கள் ஊரின் கதையைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். சிறு கடைகளுக்கு வியாபாரம் கிடைத்தது. இது நல்ல பலன், மறுக்கவேண்டியதில்லை.

ஆயினும் மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. அந்த மலைக்கு ஏறுவதற்கு நூற்றுக்கணக்கான படிகள். அரிசி மூட்டையானாலும், நோயாளியானாலும், தோளில்தான் போகவேண்டியிருந்தது. காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்தவர்களுக்கு அந்தத் தோள்வலி தெரியும். அந்த மலைக்குச் சரிவில் ஏறும் மின்வண்டி ஐந்து நிறுத்தங்களோடு வந்தது 2008இல்தான். பாட்டு வந்தது 1996இல். நடுவே பன்னிரண்டு ஆண்டுகள்! வண்டியைக் கட்டித் தந்தது பாட்டு அன்று, அரசாங்கத் திட்டம். பாட்டு நம் பக்கம் நாலு பேரைத் திரும்பிப் பார்க்கவைக்கும். அதற்குமேல் சாலையும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் வேண்டுமென்றால், மனு எழுதவேண்டும், சங்கமாகக் கூடவேண்டும், வாக்குச் சீட்டைச் சரியாகப் பயன்படுத்தவேண்டும்.

நேயர்களே, இந்தக் கதையிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டியவை மூன்று.

முதலாவது, பாட்டுக் காட்சியைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். பார்க்கும்போது பேச்சுக் கொடுங்கள். 'இந்தத் தெருவைக் கூட்டுபவர் யார்? இந்தக் கட்டடத்தைக் கட்டியவர் எங்கே குடியிருக்கிறார்? இந்த ஊரில் ஓர் அறைக்கு வாடகை எவ்வளவு?' என்று கேளுங்கள். பிள்ளை விழிக்கட்டும். பிறகு பட்டணத்தில் வேலைக்குப் போயிருக்கும் மாமனையோ அக்காளையோ கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பட்டணத்துக்குப் போகாதே என்று தடுக்க இதைச் சொல்லவில்லை. போகிறவன் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் ஒரு தொழிலோடு போகட்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இரண்டாவது, யாராவது கேமராவோடு நம் இடத்துக்கு வந்தால், ஓடி ஒளியவும் வேண்டாம், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். 'ஐயா, எதற்காக எடுக்கிறீர்கள்? எங்கே காட்டுவீர்கள்? எங்கள் பெயரைச் சொல்வீர்களா? எங்களையும் பேசவிடுவீர்களா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். சாந்தா மார்த்தா மக்கள் காவலர்களாகவும் நின்றார்கள், பிற்பாடு வழிகாட்டிகளாகவும் நின்றார்கள். தம் இடத்தைப் பற்றிய கதையில் தமக்கும் ஒரு பங்கை வைத்துக்கொண்டார்கள். ஒழுகும் கூரை நமக்கு அவமானமன்று. அதை ஒழுகவிட்டவர்கள்தாம் அதற்கு வெட்கப்படவேண்டும்.

மூன்றாவது, இன்று படமெடுக்கும் கருவி நம் பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. ஆட்டத்தையும் வேடிக்கையையும் எடுக்கட்டும். கூடவே நம் தோட்டத்தையும் எடுக்கட்டும். மாரியம்மன் கோயில், தமிழ்ப் பள்ளி, பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, பழைய லயம் எல்லாவற்றையும் எடுக்கட்டும். பாட்டி பாடும் தாலாட்டை அவர் குரலிலேயே பதிவு செய்யட்டும். அவர் எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எத்தனை மணிக்கு எழுந்து மரம் சீவப் போனார், மரத்துக்கு எத்தனை காசு கூலி என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வந்த இடங்கள் எத்தனையோ. கட்டடம் ஏறியபின் அங்கே ஒரு தோட்டம் இருந்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அதற்கு முன்பே பதிவு செய்துவிடவேண்டும். வெளியூரிலிருந்து ஒரு பெரிய பாடகர் வந்து நம் இடத்தைக் காட்டவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இந்த வாரம் ஒரு நாள் மாலை, வீட்டில் உள்ள மூத்தவரை நடுவில் உட்காரவையுங்கள். பிள்ளையிடம் கைத்தொலைபேசியைக் கொடுங்கள். முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள். மற்றவை தாமாக வரும்.